லைக்கம்மாளுக்கு ஒரு செபம்

ரஷ்யாக்காரன் ஒரு நாயை ராக்கெட்டில் ஏற்றி வானத்துக்கு அனுப்பிவிட்டான் என்ற செய்தியைச் சங்ககிரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் லாசர்தான். லாரி ஓட்டுகிறவன் அவன். டீக்கடை ரேடியோவில் கேட்டதையெல்லாம் சோற்றுக்கு உட்காரும்போது மனைவி அந்தோணிமேரியிடம் கொட்டிவிடுவான்.

“திரும்ப எப்பங்க எறக்குவாங்க?” என்றாள் அவள்.

“எறக்கறதுக்கு வழியே இல்லியாமா. மேலயே செத்துப் போயிருமாமா.”

“அதுக்குப் பேரு வெச்சிருக்காங்களா?”

“லைக்கா. பொட்ட நாயி.”

உலகமே வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தோணிமேரிக்குச் சோறு இறங்கவில்லை. ஏன், எதற்கு என்று தெரியாமல் தன்னந்தனியாகச் சாகப்போகிற அந்த உயிரை நினைத்துக் கலங்கினாள். அவள் கலங்கியது நாய்க்காக மட்டும் இல்லை.

போன மாசியில் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, விடிவதற்குள் போய்விட்டது. லாசர் அப்போது மங்களூர் லோடில் இருந்தான். பிரசவம் பார்த்த அங்கம்மாள் தங்கமானவள். ஆனால், சாகிற பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது மாரியம்மனைக் கும்பிடுகிறவளுக்கு எப்படித் தெரியும்? பெற்றவளோ நினைவில்லாமல் கிடந்தாள். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் லாசர் வந்து சேர்ந்தான். ஒரு நாளும் அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

நவம்பர், ஆத்துமாக்களின் மாதம். ஞாயிறு பூசைக்கு முன் கோயில் உபதேசியார் கிறிஸ்துராஜ் இறந்தவர்களின் பெயர்களை உரக்கச் சொல்ல, சனங்கள் செபிப்பார்கள். வீட்டுக்கு வீடு பெயர் கொடுப்பது வழக்கம். “எம்புள்ளைக்கும் சொல்லுங்க” என்று போன வாரம்தான் அந்தோணிமேரி அவரிடம் போய் நின்றிருந்தாள். “ஞானஸ்நானமே இல்லாதப்போ பேரு ஏது, அம்மிணி?” என்று அவர் தன்மையாகத்தான் சொன்னார். தன்மையாகச் சொன்னால் மட்டும் வலிக்காதா என்ன?

இந்தச் சனிக்கிழமை மறுபடியும் போனாள். “லைக்கான்னு ஒரு பேரு சேத்துக்கங்க.”

“அது யாரு?”

“தூரத்துல போயிருச்சுங்க. நாதியில்லாத உசுரு.”

மலையாளப் பெயர் போலிருக்கிறதே, கொல்லத்துப் பக்கத்து உறவாக இருக்கும் என்று உபதேசியார் தாமே முடிவு கட்டிக்கொண்டார். பெயர் மொட்டையாக இருக்கிறதே என்று மரியாதைக்கு ஓர் ‘அம்மாளை’யும் ஒட்டவைத்தார். மறுநாள் கோயிலில் “லைக்கம்மாள்” என்று அவர் கணீரென்று சொல்ல, “இளைப்பாற்றி தாரும் சுவாமி” என்றது சனம் மொத்தமும். பத்திரிகை படிக்கிற தையல்காரர் தோமினிக் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே ஓடினார்.

பூசை முடிந்ததும் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. உபதேசியார் முகம் சிவக்க அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். லாசர் லாரிப்பேட்டைக்குப் போயிருந்தான்.

“நாயிக்குச் செபம் சொல்ல வெச்சுப்போட்டியே. எம் மானமே போச்சு. புத்தி கித்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

அந்தோணிமேரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“நாயிக்கும் ஞானஸ்நானம் இல்லீங்க. ஆனா அனுப்புனவங்க அதுக்கு ஒரு பேரு வெச்சு அனுப்பியிருக்காங்க. நீங்க சொன்னீங்க, சனம் செபிச்சுது. எம்புள்ளைக்குத்தானுங்க ஒருத்தர் வாயும் தொறக்கல.”

அவர் கொண்டுவந்த கோபம் போன இடம் தெரியவில்லை. நல்ல மனிதர்தான்; கோயில் சட்டத்துக்குப் பயந்த மனிதர், அவ்வளவே. வாசற்படியில் உட்கார்ந்து, “என்ன பேரு வெக்கோணும்னு இருந்தே, அம்மிணி?” என்றார்.

யாரிடமும் சொல்லாததை அவள் அவரிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு, எல்லாப் பெயர்களையும் சொல்லி முடித்த பிறகு உபதேசியார் தயங்கினார். பூசை வைக்க வந்த சுவாமியார் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. “சவேரிமுத்து,” என்றார். “லாசர் மகன்.”

யாரென்று சனங்களுக்குச் சட்டென விளங்கவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் மட்டும் உடைந்து வந்தது. “இளைப்பாற்றி தாரும் சுவாமி.” லாசரின் குரல் அது. அந்தோணிமேரி முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கையில் பாதி வழி கடந்திருந்தது.

“சவேரிமுத்துன்னா வெச்சே?” என்றான் லாசர்.

“ஆமாங்க.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லியே.”

“நீங்க கேக்கவே இல்லீங்களே.”

லாசர் ரோட்டோரம் அப்படியே குந்தி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, போகிற வருகிற வண்டிக்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதான்.