ரெண்டு ஆள் வண்டி

எங்க வண்டியை ஸ்டார்ட் பண்ண ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் உள்ள உக்காந்து சாவியைத் திருப்பணும். இன்னொருத்தர் பானட்டைத் திறந்து, இரும்புக் கம்பியை உள்ள விட்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் மேல டொக்கு டொக்குன்னு தட்டணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும். எட்டு மாசமா இந்தக் கூத்துதான். சாவி நான், தட்டறது என் வீட்டுக்காரர். எதிர் வீட்டு டீச்சர் தினம் ஜன்னல் வழியா, "இன்னிக்கு எத்தனை அடி?"ன்னு கேட்டுச் சிரிப்பாங்க. நானும் பல்லைக் காட்டுவேன்.

கோளாறு என்னன்னு மொத நாளே எனக்குத் தெரியும். நான் வேலை பாக்கறது மோட்டார் ரிப்பேர் பட்டறையில. தண்ணி பம்பு, வாஷிங் மெஷின்னு தினம் பத்து மோட்டாரைப் பிரிச்சு மாட்டறவ. சாவியைத் திருப்பினா டக்னு ஒரே ஒரு சத்தம், அதோட சரி. ஹெட்லைட்டைப் போட்டுட்டுத் திருப்பிப் பாத்தேன், வெளிச்சம் மங்கல. அப்ப பேட்டரி மேல தப்பில்ல. அவரைச் சாவி திருப்பச் சொல்லிட்டு மீட்டரை வெச்சேன், ஸ்டார்ட்டர் வரைக்கும் கரண்ட் ஒழுங்கா வருது. வந்ததை வாங்கிட்டு அது சும்மா கிடக்குது. ஒரு தட்டு தட்டினா சுத்துது. உள்ள கரண்டைக் கடத்தற கார்பன் கட்டை தேய்ஞ்சு போச்சு, வேற ஒண்ணுமில்ல.

"நானே கழட்டறேங்க"ன்னேன்.

"வேண்டாம்மா. இருபத்திரெண்டு வருஷத்து வண்டி, உள்ள எல்லாமே போயிருக்கும். மொத்தமா மாத்திடலாம். கடையில சொல்லி வெச்சிருக்கேன், பழைய மாடலாம், வர நாளாகும்"னார்.

அப்பதான் அவருக்கு வேலை போயிருந்தது. பதினாறு வருஷம் உக்காந்த ஆபீஸ், ஒரே நாள்ல கையில பெட்டியைக் கொடுத்து அனுப்பிட்டாங்க. மனுஷன் பொழுதன்னைக்கும் சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தார். சரி, இதையாவது அவர் பாத்துக்கட்டும்னு விட்டேன். எங்கம்மாகிட்டயும், 'அவர் கடையில சொல்லி வெச்சிருக்கார்'னு பெருமையாச் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

ரெண்டு மாசம் முன்னாடி எங்கம்மா குளியலறையில வழுக்கி விழுந்தாங்க. அம்மா ஊருக்கு அந்தப் பக்கம் தனியா இருக்காங்க. எப்படியோ நகர்ந்து போய் போனை எடுத்து என்னைக் கூப்பிட்டாங்க. "நீ மட்டும் வா. பக்கத்து வீட்டுல சொல்லாத, ஆம்புலன்ஸையும் கூப்பிடாத, உடம்புல துணியில்லாம கிடக்கறேன்"னாங்க. அன்னிக்குன்னு பாத்து அவர் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தார். நான் சாவியைத் திருப்பறேன், இறங்கி ஓடித் தட்டறேன், மறுபடி ஓடிவந்து திருப்பறேன். பைத்தியக்காரி மாதிரி எத்தனை தடவை ஓடினேன்னு எனக்கே தெரியாது. தள்ளிப் பாக்கலாம்னா எங்க தெரு மேடு. கொட்டற மழையில டாக்சி ஒண்ணும் வரல. ரெண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தப்ப மூணு மணி நேரம் ஆயிருந்தது. ஈரத் தரையில, ஒரு துண்டை மேல இழுத்துப் போட்டுக்கிட்டு, அம்மா நடுங்கிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும், "சாப்பிட்டியா?"ன்னாங்க. நான் அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதேன்.

எலும்பு தப்பிச்சது. ஆனா தம்பி பிடிச்சுக்கிட்டான். "நீ எந்நேரம் கூப்பிட்டாலும் அரை மணி நேரத்துல போய் நிக்க முடியும்னா அம்மா அங்கயே இருக்கட்டும். முடியாதுன்னா நான் கூட்டிட்டுப் போறேன்"னான். அவன் இருக்கறது வேற ஊர்ல, நாலாவது மாடி. அம்மாவுக்கு அங்க ஒரு முகம் தெரியாது. "அங்க கொண்டுபோய் வெச்சா சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவேன்"னு என்கிட்ட மட்டும் சொன்னாங்க. தம்பி கொடுத்த கெடு இந்தச் சனிக்கிழமை சாயந்திரம். இவரோ, நான் கேட்டப்பல்லாம், 'பார்ட் இந்த வாரம் வந்துடும்'னே சொல்லிட்டிருந்தார்.

சனிக்கிழமை காலையில, கடைக்காரனை நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு வரலாம்னு நானே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் பேரையும் வண்டி மாடலையும் சொன்னதும் கடைக்காரர் கண்ணாடிக்கு மேலால பாத்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஏழு மாசம் முன்னாடியே ஒண்ணு வாங்கிட்டுப் போனாரேம்மா. அதுவும் போயிடுச்சா? ஒரு வருஷத்துக்கு நான் உத்தரவாதம் கொடுத்திருக்கேனே, கொண்டு வாங்க, மாத்தித் தரேன்."

"போகலங்க"ன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அவர் மொட்டை மாடியில துணி காயப் போட்டுட்டிருந்தார். செருப்பு அலமாரி, கட்டிலுக்கு அடி, சமையல் மேடைக்குக் கீழ, எல்லாத்தையும் கவிழ்த்தேன். கடைசியா அவரோட ஆபீஸ் பெட்டி. வேலை போன அன்னிக்கு அவர் தூக்கிட்டு வந்தது. பாவம், மனசு கஷ்டப்படும்னு அதை நான் தொடறதே இல்ல. பேனா, காலண்டர், குரூப் போட்டோ, அதுக்கெல்லாம் அடியில புது ஸ்டார்ட்டர், கவர் கூடப் பிரிக்காம.

அதைத் தூக்கிட்டு மாடிக்குப் போனேன். பார்த்ததும் அவர் கையில இருந்த ஈரச் சட்டை கீழ விழுந்துடுச்சு.

"இது என்னங்க?"

அவர் குனிஞ்சு சட்டையை எடுத்து உதற ஆரம்பிச்சார்.

"கேக்கறேன்ல! வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"மாட்டணும்னுதான் வாங்கினேன்"னார். "வேலை போனதுலேர்ந்து நீ என்னை எதுக்குமே கூப்பிடறதில்ல. காலையில மட்டும்தான், 'என்னங்க, வந்து தட்டுங்க'ன்னு கூப்பிடுவ. இதை மாட்டிட்டா அதுவும் போயிடும். நாளைக்கு மாட்டலாம், நாளைக்கு மாட்டலாம்னு..."

"அம்மா விழுந்தாங்களே, அன்னிக்கு?"

"அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"உங்களுக்கு ஒரு வேலை வேணும்னு எங்கம்மா தரையில கிடக்கணுமா?" நான் போட்ட சத்தத்துல எதிர் வீட்டு ஜன்னல் சாத்திக்கிச்சு.

அவரை வண்டிப் பக்கமே விடல. மொதல்ல பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டினேன். ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வெச்சு, பழைய போர்வையை விரிச்சு அடியில போனேன். தடி வயர் ஒண்ணு, மெல்லிசு ஒண்ணு, ரெண்டும் சுலபமா வந்துடுச்சு. மோட்டாரைப் பிடிச்சிருக்கறது ரெண்டே ரெண்டு போல்ட். கீழ் போல்ட் வந்தது, மேல் போல்ட் அசையவே இல்ல. துரு. எண்ணெய் அடிச்சு, காத்திருந்து, ஸ்பேனருக்கு ஒரு பைப்பை மாட்டி இழுத்தேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி மூணு பிஞ்சுது. எனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தை எல்லாத்தையும் சொன்னேன். போல்ட்டுக்கா அவருக்கான்னு கேட்டா, ரெண்டு பேருக்கும்தான்.

"நான் வேணா மேலேர்ந்து..."ன்னு அவர் குரல் வந்தது.

"கையை வெச்சீங்க, அவ்வளவுதான்!"

நாலாவது இழுப்புல போல்ட் இளகிச்சு. பழசை நெஞ்சு மேல இறக்கி வெளிய தள்ளினேன். புதுசைப் பக்கத்துல வெச்சு ரெண்டோட பல்சக்கரத்துலயும் பல்லை எண்ணினேன், சரியா இருந்தது. உக்கார்ற இடத்துல துருவைத் தேய்ச்சு எடுத்தேன். கரண்ட் திரும்பிப் போற எர்த் அந்த இரும்பு வழியாத்தான், அழுக்கு இருந்தா புது மோட்டாரும் படுத்துக்கும். தூக்கி வெச்சு, முழங்காலால முட்டுக் கொடுத்து, போல்ட்டை ஏத்தி, வயரை மாட்டி, கடைசியா பேட்டரியை மாட்டினேன்.

நியூட்ரல்ல இருக்கான்னு பாத்துட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. இன்ஜின் பிடிச்சுக்கிச்சு.

சந்தோஷமா இருந்திருக்கணும். போனை எடுத்து மணியைப் பாத்தேன். அந்த மேல் போல்ட்டோட போராடினதையும் சேர்த்து ஒரு மணி நேரம் பத்து நிமிஷம். இவ்வளவுதானா? இதுக்கா எங்கம்மா மூணு மணி நேரம் ஈரத்துல கிடந்தாங்க?

அவர் வாசல் கேட் பக்கத்துல நின்னார். "அம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"நான் ஏன் சொல்லணும்? ஏறுங்க. நீங்களே சொல்லுவீங்க."

இருபது நிமிஷத்துல போயிட்டோம். அம்மா வாசல்லயே நின்னாங்க. பின்னால ஹால்ல தம்பி ஊருக்குக் கட்டி வெச்ச பை.

"வண்டி சரியாயிடுச்சா?"

"புது ஸ்டார்ட்டர் போட்டாச்சும்மா. நான் ஒருத்தியே எடுத்துட்டு வரலாம். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன்."

"அப்ப நான் எங்கயும் போக வேண்டாம்ல?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்குக்கூட நிக்காம உள்ள போய், தரையில உக்காந்து, பையைத் திறந்து புடவையை ஒவ்வொண்ணா வெளிய எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. கண்ணுல தண்ணி.

"எல்லாம் உங்களாலதான் மாப்பிள்ளை"ன்னாங்க. "வேலை இல்லாத கஷ்டத்துலயும் எனக்காகக் கடை கடையா அலைஞ்சு வாங்கியிருக்கீங்க. பெத்த பிள்ளை கூட இதைச் செய்யல. உள்ள வாங்க, ஏன் வெளியவே நிக்கறீங்க?"

அவர் என்னைப் பாத்தார். விட்டுடும்மான்னு கெஞ்சற பார்வை. நான் விடல.

"சொல்லுங்க"ன்னேன்.

"இல்ல அத்தை... அது ஏழு மாசமா வீட்லயேதான் இருந்துச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சிருந்தேன்."

அம்மா கையில புடவை பாதி மடிப்புல நின்னுச்சு. நிமிர்ந்து அவரைப் பாத்தாங்க. அப்புறம் மெதுவாக் கேட்டாங்க.

"நான் விழுந்து கிடந்தேனே, அன்னிக்குமா?"

"ஆமாங்க அத்தை"ன்னார்.