விளிம்பைச் சுற்றிய எழுத்து

தயாபரன் எழும்பினான். பல் தீட்டினான். கேத்திலைப் போட்டான். இரண்டு துண்டு பாணை ரோஸ்ரரில் வைத்துவிட்டு, அது மேலே வரும்வரை மேசையில் இருந்த கிண்ணத்தை வட்டமாகத் திருப்பிக்கொண்டு நின்றான். வெள்ளைக் களிக்குழம்பு பூசி, அதன்மேல் கறுப்பில் தூரிகை ஓட்டி, கண்ணாடி மெருகு ஏற்றிச் சுட்ட கிண்ணம். மனைவி நிரூபா செய்தது. தொண்ணூற்றாறு மாசியில் பஸ் தரிப்பில் தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்து விழுந்து செத்துப்போனாள். கிண்ணம் பங்குனியில்தான் சூளையை விட்டு வந்தது. விளிம்பைச் சுற்றி ஏதோ எழுதியிருந்தாள். தமிழ் மாதிரி இருந்தது, வாசிக்க வரவில்லை. ஓரிடத்தில் மட்டும் 'த' தெளிவாகத் தெரிந்தது. 'இஞ்சாருங்கோ' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டறியாதவள் அவன் பெயரை எழுதியிருக்கிறாள். மிச்சத்தையும் வாசித்துவிட்டால் போதும் என்று இருந்தான்.

அன்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்மாடிக்குப் போனான். வேரோனிக்கா அக்கா, நிரூபாவோடு டோர்செட் பார்க் சனசமூக நிலையத்தில் அதே மண்பாண்ட வகுப்புக்குப் போனவர். கதவைத் திறந்ததும் அவன் தாடியைத்தான் பார்த்தார்.

"சவரம் எடுக்கிறேல்லையோ? சாமியார் மாதிரி இருக்கிறாய்."

"அக்கா, இதிலை என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டுமில்லை." சிரித்தார். "அந்தக் காலத்துப் பாரசீகக் குயவர் எல்லாருக்கும் எழுதத் தெரியாதாம். எழுத்து மாதிரி ஒரு கோலத்தைச் சுத்திவர இழுத்து விடுவினமாம். ரீச்சர் படத்தைக் காட்டிப்போட்டு, உங்கடை உங்கடை மொழியிலை செய்யுங்கோ எண்டவ. வாசிக்க வரக்கூடாது, அதுதான் சட்டம். என்ரையைப் பாக்கோணும், கோழி கிண்டின மாதிரி."

"இது 'த' எல்லோ?"

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உதுவோ? பிரஷ் வழுக்கினது. பக்கத்திலை இருந்து நான்தான் கையை இடிச்சுப்போட்டன். என்னைப் பேசின பேச்சு! பிறகு அதுக்கொரு வாலை வைச்சு..." பாதியில் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தார். "தம்பி, இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"வேலை இருக்கு, அக்கா."

லிஃப்ற் வரவில்லை. படியால் ஏறினான். எழுதினது ஒன்றுமில்லை என்றால், அவள் வீட்டைவிட்டுப் போகும்போது கடைசியாகச் சொன்னது மட்டும்தான் மிச்சம். கேட்டவர்களுக்கெல்லாம் நினைவில்லை என்றே சொல்லியிருந்தான். நினைவிருந்தது. கதவுப் பிடியில் கை, இழுத்து மூடிய குளிர்தொப்பிக்குள் பாதிச் சிரிப்பு. அவன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"உங்கடை சொக்ஸ் ரெண்டும் ரெண்டு நிறம்."