மணி அடிப்பதற்கு முன்னால்

1.

இந்தக் கதை நாடாளுமன்றத்தில் பிறந்தது. நான் அங்கே போனதில்லை. இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த மதியத்தில் அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பள்ளித் தேர்வுகளுக்குத் தற்காலிகக் கண்காணிப்பாளர்களை எடுப்பது பற்றிய விவாதம். இதில் கதை எங்கே என்று கேட்டால் நியாயம்தான். நானே வேறு சேனலுக்கு மாற்றப் போனேன். அக்கா ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மாண்புமிகு உறுப்பினர்கள் நிறைந்த அவையில் ஒரு கனத்த மௌனம்

அடித்துவிட்டேன். மௌனமெல்லாம் இல்லை. ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.

அடுத்தது:

அந்தப் பெண்ணுக்குக் கணக்கு என்றால் உயிர். அவள்

இதையும் அடித்தேன். அவளுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. விஷயமே அதுதான்.

2.

ஆசிரியர்கள் போதவில்லை என்று வெளியாட்களை எடுத்தார்கள். அதுவரை துணிக்கடையில் நின்ற அக்காவும் சேர்ந்தாள். ஒரு காலைப்பொழுது பயிற்சி. பிள்ளைகளோடு பேசக்கூடாது. விடைத்தாளைப் பார்க்கக்கூடாது. மேசையில் படுத்துத் தூங்கும் பிள்ளையை எழுப்பக்கூடாது. எழுப்பினால் அது உதவி, மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம்.

“கடையில வந்தவங்ககிட்ட பேசலைன்னா திட்டுவாங்க. இங்க பேசினா திட்டுவாங்களாம்” என்று சிரித்தபடி வந்தாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த விதியைப் பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்காக எழுதியிருக்கிறார்கள். வகுப்பு ஆசிரியர் நின்றிருந்தால், ஒரு பிள்ளை சாய்ந்ததுமே, இவள் தேர்வில் தூங்குகிறவள் இல்லையே என்று தோன்றியிருக்கும். தெரியாதவர்கள் கையில் அதே விதியைக் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டார்கள்.)

போன வாரம் கணக்குத் தேர்வில் ஒரு பெண் மேசையில் தலையைச் சாய்த்தாள். அக்கா விதிப்படி எழுப்பவில்லை. மணி அடித்து விடைத்தாள் வாங்கப் போனபோது அவள் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை நோய் உள்ள பிள்ளை. அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அறையில் நின்றவளுக்கு மட்டும் தெரியாது. சர்க்கரை இறங்கி நினைவு போய்விட்டது. மருத்துவமனையில் இன்னும் கண் திறக்கவில்லை.

3.

எதிர்க்கட்சி உறுப்பினரை வில்லனாக்கலாம் என்று இருந்தேன். வசதியாகத்தான் பேசினார். “தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நம் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறீர்கள்” என்றார்.

“தெருவுல போகாம பறந்தா போவாங்க?” என்றாள் அக்கா.

அடுத்த வாக்கியத்தில் அவர் என் கதையைக் கெடுத்தார். “அந்தத் தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார். என் மகள் எப்போது சாய்ந்தாள்? மருத்துவரும் அதையே கேட்கிறார். பதில் சொல்லுங்கள்.”

அமைச்சர் எழுந்தார். “மணி அடித்த பிறகே தெரியவந்தது. அதுவரை எந்த வித்தியாசமும் இல்லை. கண்காணிப்பாளர் விதிப்படி கடமையாற்றினார். அவரை இந்த அவையில் பாராட்டுகிறேன்.”

மேசைகளைத் தட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு ஓர் உவமை தேடினேன். வேண்டாம். பெரிய மனிதர்கள் உள்ளங்கையால் மேசையைத் தட்டும் சத்தம், அவ்வளவுதான். அக்காவின் கையிலிருந்த ரிமோட் நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“மணி அடிச்ச பிறகா?”

“விடு. உன்னைத்தான் பாராட்டுறாங்க” என்றார் அத்தான்.

“அவ பேனா கீழ விழுந்துச்சுங்க. பிள்ளைங்க குனியக்கூடாது, நாங்கதான் எடுத்துத் தரணும். எடுத்து விரல்கிட்ட வச்சேன். விரல் மடங்கல. அப்ப பாதித் தேர்வுகூட ஆகல. அன்னிக்கே பரீட்சை ஆபீசர்கிட்ட சொன்னேனே.”

அத்தான் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. அதே அதிகாரி. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அக்கா பக்கம் நீட்டினேன்.

“பார்த்தீங்களாம்மா? அமைச்சரே உங்களைக் காப்பாத்திட்டாரு. நாளைக்கு விசாரணையில நீங்களும் அதையே சொல்லிடுங்க, மணிக்கு அப்புறம்தான்னு. மாத்திச் சொன்னா, பார்த்தும் சும்மா நின்னீங்கன்னு கேஸ் உங்க மேலதான் திரும்பும்.”

வைத்துவிட்டார். குரலில் மிரட்டல் இல்லை. உண்மையிலேயே நல்லது செய்கிற மாதிரிதான் பேசினார்.

“அவர் சொல்றதுல என்ன தப்பு?” என்றார் அத்தான். “நீ உள்ள போயிட்டா யார் பார்க்கிறது? நமக்கும் பிள்ளை இருக்கு.”

“நம்ம பிள்ளையா இருந்தா, எப்ப சாஞ்சான்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

அத்தான் தொலைக்காட்சியை அணைத்தார்.

4.

முடிவு ஒன்று: விசாரணையில் மணிக்குப் பிறகு என்று சொல்லிவிடுகிறாள். வேலை நிரந்தரமாகிறது. [இதை எழுத எனக்குச் சிரமமே இல்லை. பேனா தானாக ஓடியது. பயந்து நிறுத்தினேன்.]

முடிவு இரண்டு: அந்தப் பெண் கண் திறக்கிறாள். எல்லோரும்

இது ஏமாற்று. அவள் கண் திறந்துவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

முடிவு மூன்றை அக்காவுக்கே படித்துக் காட்டினேன்.

“என்னை அழ விட்டிருக்கியே. நான் எங்கடா அழுதேன்?”

“கதைக்காக.”

“அப்ப கதையை அழச் சொல்லு.”

5.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். விவாதத்தைப் பார்த்த அன்று மாலையே அக்கா செருப்பை மாட்டினாள்.

“எங்கக்கா?”

“ஆஸ்பத்திரிக்கு. விசாரணையில சொல்றதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட சொல்லணும்.”

“அடிச்சிருவாங்க.”

“அடிக்கட்டும்.”

நானும் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்தத் தாய் மகளின் பள்ளிக் காலணிகளை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். அக்கா எதிரே போய் நின்றாள்.

“அந்த ரூம்ல நின்னது நான்தாங்க. பாதித் தேர்வுகூட ஆகல, அப்பவே சாஞ்சிட்டா. பேனாவை எடுத்து வச்சேன். பிடிக்கல. தூங்குறான்னு நினைச்சு எழுப்பல.”

தாய் நிமிர்ந்தார். அக்காவை முழுதாகப் பார்த்தார். பிறகு பேசினார்.

என்ன பேசினார் என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அதற்கு மதிப்பெண் போடுவீர்கள்: பெருந்தன்மை, கொடுமை, நியாயம் என்று ஏதாவது. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பையைக் கீழே வைக்காதீர்கள். எதிரே என் அக்கா நிற்கிறாள்.

சொல்லுங்கள்.