அரைப் பக்கத்துக்குத் தையல்காரர்

மாலை ஐந்து மணிக்கு இதழ் அச்சுக்குப் போகவேண்டும். நாலேகாலுக்குத்தான் உதவி ஆசிரியர் என் கதையின் பக்கத்தைக் காட்டினார். அச்சாகப்போகும் என் முதல் கதை. தலைப்புக்குக் கீழே அரைப் பக்கத்துக்குத் தையல்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் கத்தரிக்கோல், அதில் ரத்தம்.

"சார், கொலை பண்ணதே இவர்தான்!"

"அதான் அழகா வந்திருக்கே."

மூன்று மாதம் அவரை ஒளித்து வைத்திருந்தேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று இருமல் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பால் ஊற்ற வைத்தேன். பனி பெய்யும் ஊர்களின் துப்பறியும் நாவல்களையே படித்து வளர்ந்தவள் நான். கடைசிப் பத்திவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் எனக்கும் கிடைப்பார் என்று நம்பியிருந்தேன். நான் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பாடுபட்டால், இவர்கள் அதை முதல் பக்கத்திலேயே உடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஓவியர் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கதையைப் படிச்சீங்களா?"

"கடைசிப் பக்கம் மட்டும் படிப்பேன்மா. அதுக்கு முன்னாடி எல்லாரும் சும்மா பேசிட்டுதானே இருப்பாங்க? கடைசியிலதான் ஏதாவது நடக்கும்."

"இது மர்மக் கதைண்ணே! ஒரு ஜன்னல், ஒரு நிழல்னு ஏதாவது மாத்திப் போடுங்களேன்."

"நிழலுக்கு அரைப் பக்கமா? இன்னும் ரெண்டு படம் பாக்கி. எனக்கென்ன பத்து கையா இருக்கு?"

உதவி ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். "படத்தை மாத்த முடியாது. ஆளை வேணா மாத்தும்மா."

"எந்த ஆளை?"

"கொலைகாரனைத்தான். நீ பெத்த பிள்ளைதானே, சொன்னாக் கேக்க மாட்டானா?"

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொலைகாரனாக்கக் கதையில் மிச்சம் இருந்தது டாக்டர் ஒருவர்தான். கொலை நடந்த அன்று அவரை ரயிலேற்றி வெளியூர் அனுப்பியிருந்தேன்; அந்த ரயில் வரியை அடித்தேன். தையல்காரர், பாவம், பிணத்திலிருந்து கத்தரிக்கோலை உருவிய அப்பாவியானார். இருமலுக்கு இனி வேலையே இல்லை. அதை எடுக்க நேரமும் இல்லை. எந்தப் பத்திக்காக மொத்தக் கதையையும் எழுதினேனோ, அதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ரகசியம் பிழைத்தது. கதைதான் செத்துப்போனது.

உதவி ஆசிரியர் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஓவியர் அவர் தோளுக்கு மேலாக எட்டி, கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார்.

"அட, டாக்டரா! முன்னாடியே சொல்லியிருந்தா அவரையே வரைஞ்சிருப்பேனேம்மா."