பச்சைக் கதவுத் தெரு

சங்கு ஊதியது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. ஜன்னல் முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது.

“உன் தெரு வருதுடி!” என்று அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள். “சீப்பு விழுந்த சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.”

“எல்லாருக்கும் வர்ற தெருதான். எனக்குன்னு தனியாவா வருது?”

“ஆமாமா. ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் அடிச்சதும் எல்லாருக்காகவும்தானே?”

அண்ணியிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. அவள் சீப்பை எடுத்துச் சொருகிவிட்டு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வெறும் தண்ணீர். நேற்றுவரை நின்றிருந்த தெருவை இழுவைப் படகுகள் அவிழ்த்துக்கொண்டு போயாயிற்று. வானம் அத்தனை பெரிதாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அங்கே முப்பத்திரண்டு பச்சைக் கதவுகள் வரிசையாக வந்து நிற்கும். பதினேழாவது கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் ஒரு குடை விரியும்.

அந்த ஊரில் தெருக்கள் நகரும். ஏரியின் நடுவில் ஒரு பாறை. அதன் மேல் தண்ணீர் இறைக்கும் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தெரு மாற்று அலுவலகம். பாறையைச் சுற்றி உள்வட்டத் தெருக்கள். பெரிய குழாய்கள் அவற்றின் அடியில்தான் ஓடுகின்றன, அதனால் அவை இருந்த இடத்தைவிட்டு அசையாது. அதற்கு வெளியே ஒரு கால்வாய். கால்வாய்க்கு அப்பால் வெளிவட்டம். அங்கே ஒவ்வொரு தெருவும் தார் பூசிய பெரிய மரத் தெப்பத்தின் மேல், வீடும் விளக்குக் கம்பமும் தபால் பெட்டியுமாக மிதக்கிறது. யாருக்கு வெயில், யாருக்கு நிழல், யாருக்குச் சந்தை பக்கம் என்று ஆதியில் பெரிய அடிதடி நடந்ததாம். கடைசியில் எல்லாத் தெருவும் எல்லா இடத்திலும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு முழுச் சுற்றுக்குப் பத்து வருஷம். வருஷத்துக்கு ஒரு நகர்வு, ஒரு நகர்வுக்கு அரை நாள் பயணம். ஒவ்வொரு தெருவுக்கும் தனிச் சங்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகூட ஊதுகிற விதத்தை வைத்தே வருகிற தெரு எது என்று சொல்லிவிடும்.

பச்சைக் கதவுத் தெரு போன சுற்றில் வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து. உள்வட்டத்தின் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இன்றைக்கு முப்பத்தைந்து. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைக் குழாயக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த வருஷம் பச்சைக் கதவுத் தெரு எதிரே வந்து நின்றபோது, பதினேழாம் நம்பர் ஜன்னலில் ஒருவர் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். காலையில் அவள் ஜன்னலைத் திறக்கும்போதே அவர் அங்கே இருப்பார். சாயங்காலம் அவள் திரும்பும்போதும் இருப்பார். கம்பி மாற்றி, துணி தைத்து முடித்ததும் ஒவ்வொரு குடையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி விரித்துப் பார்ப்பார். கறுப்பு, நீலம், பூப்போட்டது, குழந்தைகளின் குட்டிக் குடை. நாளின் கடைசிக் குடையை மட்டும் விரித்து, ஒருமுறை சுழற்றிவிட்டு மடக்குவார். முதலில் அது சோதனை என்றுதான் அவள் நினைத்தாள். தான் ஜன்னலுக்கு வரும்வரை அந்தச் சுழற்றல் நடப்பதில்லை என்று தெரிந்துகொள்ள இரண்டு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு அவள் விளக்கைத் தூக்கி ஒருமுறை ஆட்டுவாள். அவ்வளவுதான். இறைப்பு நிலையத்தின் இரைச்சலில் கால்வாயைத் தாண்டி ஒரு வார்த்தை போகாது.

தெருமுனையில் பாலம் இருந்தது. பாய்மரப் படகுகள் அடியில் போக வேண்டும் என்பதற்காக உயரமாகக் கட்டிய பாலம். இந்தப் பக்கம் நாற்பத்திரண்டு படி, அந்தப் பக்கம் நாற்பத்திரண்டு படி. அவர் வருவார் என்று அவள் காத்திருந்தாள். ஆண்பிள்ளைக்கு இந்தப் பாலத்தை ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு மாதம் பார்த்தாள், ஆறு மாதம் பார்த்தாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் தானே கிளம்பினாள். நாற்பத்திரண்டு படி ஏறி உச்சியில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் பச்சைக் கதவுகள் எல்லாம் தீப்பெட்டி மாதிரித் தெரிந்தன. அவர் எழுந்து வெளியே வருவாரா என்று பார்த்தாள். வரவில்லை. ஜன்னலில் அப்படியே உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சுருக்கென்றது. நான் இவ்வளவு தூரம் வருவேன், நீ வாசல்வரைகூட வரமாட்டாயா? திரும்பி இறங்கிவிட்டாள்.

தெரு கிளம்பிய நாளில் அவர் ஒரு சிவப்புக் குடையை விரித்தார். அதுவரை அவள் பார்க்காத குடை. சுழற்றவில்லை, மடக்கவும் இல்லை. தெரு நகர்ந்து, புள்ளியாகி, பனிமூட்டத்துக்குள் மறையும்வரை அந்தச் சிவப்பு தெரிந்துகொண்டே இருந்தது. அவள் கையில் விளக்கு இருந்தது. தூக்கவில்லை. வீம்பு. அந்த ஒரு நிமிஷ வீம்புக்காக ஒன்பது வருஷமாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரு கடிதம் எழுதினாள். ‘அங்கே மழை உண்டா?’ என்று ஒரே ஒரு வரி. அது இன்னும் அவளுடைய ஸ்பானர் பெட்டியின் அடித்தட்டில் எண்ணெய்க்கறையோடு கிடக்கிறது. வந்த சம்பந்தங்களை எல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்ததில் அண்ணன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். அண்ணிக்கு மட்டும் எல்லாம் தெரியும். எதுவும் கேட்காமல் தெரிந்துகொண்டவள் அவள்.

இந்தமுறை முதல் நாளே பாலம் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். எண்பத்து நான்கு படியையும்.

இழுவைப் படகுகளின் புகை தெரிந்தது. அண்ணி கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றாள். தெரு மெதுவாக மூட்டத்திலிருந்து வெளியே வந்தது. முதலில் விளக்குக் கம்பம், பிறகு கூரைகள். பிறகு சுவர். சாம்பல் நிறச் சுவர். மழைநீர்க் குழாய்கள், புகைக்கூண்டுகள், கொடியில் தொங்கும் துணிகள், உடைந்த நாற்காலி, கவிழ்த்து வைத்த வாளி. பச்சைக் கதவு ஒன்றுகூட இல்லை.

“என்னடி இது, முதுகைக் காட்டிக்கிட்டு வருது?” என்றாள் அண்ணி.

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் கரைக்கு ஓடினாள். அங்கே சங்கிலி அண்ணன் நின்று கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். வருகிற தெருவை முளையில் கட்டுவது அவர் வேலை. முப்பது வருஷமாக அதையே செய்து உள்ளங்கை இரண்டும் செருப்புத் தோலாகியிருந்தது.

“அண்ணே, தப்பா வருது! சொல்லித் திருப்பச் சொல்லுங்க!”

“தப்பெல்லாம் இல்லம்மா. மனு குடுத்துத் திருப்பியிருக்காங்க.”

“மனுவா? அப்படி ஒண்ணு இருக்கா?”

“சட்டத்துல இருக்கு. நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து யாரும் குடுத்துப் பாக்கல. எல்லா வீடும் கையெழுத்துப் போடணும், ஒரு வீடு குறைஞ்சாலும் செல்லாது. பின்ன? வருஷம் பூரா வாசல் வெளி ஏரியப் பாத்து நிக்கும். காத்து மூஞ்சில அறையும், வீட்டுக்குள்ள விளக்கு நிக்காது. எந்தக் கிறுக்கன் கேட்டானோ, அதுக்கு முப்பத்திரண்டு பேர் தலையாட்டியிருக்காங்க.”

“யார் குடுத்த மனு?”

சங்கிலி அண்ணன் சட்டைப்பையிலிருந்து அலுவலகச் சீட்டை எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து வாசித்தார். “பதினேழாம் நம்பர்.”

அவள் சீட்டை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தாள். ஒன்பது வருஷம் கழித்து வருகிறவர், ஊரைக் கூட்டிக் கையெழுத்து வாங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். விளக்கைத் தூக்காததற்கு இது பதிலா? இவ்வளவு பெரிய பதிலா?

“நின்னுக்கிட்டிருந்தா எப்படிம்மா?” என்றார் சங்கிலி அண்ணன். “தொட்டியெல்லாம் காலியா வந்திருக்கும். முன்பக்கமா வந்திருந்தா குழாய் வாய் ஏரிப் பக்கம் இருக்கும், அங்க தண்ணி குடுக்கற வெளிப்படகு ஆளுங்க பாடு. இப்ப குழாய் வாயெல்லாம் இந்தப் பக்கம் வந்திடுச்சு. உன் பாடுதான். பொழுது சாயறதுக்குள்ள தண்ணி குடுக்கணும்.”

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது மாதிரி இருந்தது. ஆனாலும் வேலை வேலைதான். வீட்டுக்குப் போய் ஸ்பானர் பெட்டியையும் ரப்பர் குழாய்ச் சுருள்களையும் வாஷர் டப்பாவையும் எடுத்தாள். அண்ணி வாசலில் மறித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

“அந்த ஒரு வீட்டுக்கு வேணா வேற ஆளை அனுப்பச் சொல்லேன்.”

“எதுக்கு? குழாய்க்குக் கோபம் உண்டா, தாபம் உண்டா? மாட்டிவிட்டா வாங்கிக்கப் போகுது.”

கால்வாயைக் குறுக்கே கடக்க ஊரின் வேலைப்படகு தவிர வேறு படகு விடக்கூடாது. தட்டையான அந்தப் படகில் அவள் ஒவ்வொரு வீட்டுப் புழக்கடையாகப் போனாள். தெருவின் முன்பக்கம் எல்லா வீடும் ஒன்றுபோல இருக்கும். பின்பக்கம்தான் அவரவர் லட்சணம். ஒரு வீட்டில் பாதி வெளுத்த சட்டைகள், ஒரு வீட்டில் மண் தொட்டியில் வெங்காயத்தாள், ஒரு வீட்டில் யாரோ யாரையோ வைதுகொண்டே பாத்திரம் தேய்க்கிற சத்தம். ரப்பர் குழாயின் ஒரு முனையைச் சுவரிலிருந்து நீட்டியிருக்கும் குழாய் வாயில் பொருத்தி, வாஷர் வைத்து முறுக்க வேண்டும். மறுமுனை அவளுடைய கரையில் இருக்கும் திருகுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்ப் பதினாறு முடித்தாள். பதினேழைத் தாண்டிப் பதினெட்டுக்குப் போனாள்.

பதினெட்டாம் வீட்டுக்காரர் முகம் பூராவும் சோப்பு நுரையோடு, கையில் சவரக் கத்தியோடு நின்றிருந்தார்.

“என்னம்மா இது, நடுவுல ஒரு வீட்டைத் தாண்டி வர்றே?”

“அப்புறம் போவேன். உங்களுக்குத் தண்ணி வேணாமா?”

“எனக்கென்ன அவசரம், பாதி தாடியோட சாயங்காலம் வரைக்கும்கூட இருப்பேன். வெயில் போச்சு, வாசல்ல உக்காந்து ஊர்க்கதை பேசறது போச்சு. எல்லாத்தையும் விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தா, நீ பதினேழைத் தாண்டிக் குதிக்கிறே. எங்க வீட்டுக்காரி காலையிலேர்ந்து சுவத்துல காதை வெச்சுக்கிட்டு நிக்கிறா.”

“எதுக்கு?”

அவர் எதையோ சொல்ல வந்து, நுரையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “உளறிக் கொட்டாதீங்க!” என்றது. “நீ வேலையைப் பாரும்மா” என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

முப்பத்திரண்டாம் வீடும் முடிந்தது. சூரியன் கூரைகளுக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. சுருளில் ஒரே ஒரு ரப்பர் குழாய் மிச்சம். படகைத் திருப்பினாள்.

பதினேழாம் நம்பர் புழக்கடை மற்ற வீடுகள் மாதிரி இல்லை. மற்ற வீடுகளில் தண்ணீர்க்கரையிலிருந்து கதவுக்கு மூன்று படி. இங்கே படிகளைப் பெயர்த்துவிட்டு, சாய்வாகப் பலகை போட்டிருந்தது. பலகை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி சுத்தமாகக் கழுவி வைக்கப்பட்டிருந்தது. அவள் குனிந்து குழாய் வாயைத் தேடினாள். அது வழக்கமான இடத்தில்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் திறந்து பிடிக்கிற குழாய், மற்ற வீடுகளில் இடுப்புக்கு வருவது, இங்கே முழங்கால் உயரத்தில் இருந்தது. பத்து வருஷம் குழாய் வேலை பார்த்தவள் கண்ணுக்கு அது முதலில் படாமல் இருக்குமா? துணிக்கொடியும் தாழ்ந்திருந்தது. சுவரில் அடித்த ஆணிகளும் தாழ்ந்திருந்தன.

சின்னக் கை எட்டுகிற உயரம். அவளுக்குச் சப்பென்று போயிற்று. குழந்தை இருக்கிறது. குழந்தை இருந்தால் குழந்தையின் அம்மாவும் இருப்பாள். அதனால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். நியாயம்தானே? ஒன்பது வருஷம் ஒருவர் எதற்குக் குடையைச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும்? வாஷரை வைத்தாள். வாஷர் நழுவித் தண்ணீரில் விழுந்தது. இன்னொன்றை எடுக்கப் பெட்டியின் அடித்தட்டைத் துழாவியபோது எண்ணெய்க்கறைக் கடிதம் விரலில் பட்டது. அதை உள்ளே தள்ளிவிட்டு, வாஷரை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். தாழ்ந்திருந்த ஆணிகளில் ஒன்றில் அந்தச் சிவப்புக் குடை தொங்கியது. துணி வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. ஒரு கம்பிகூட வளையவில்லை.

கதவுக்கு அப்பால் மரத் தரையில் ஏதோ உருண்டு வருகிற சத்தம் கேட்டது. குழந்தையின் பொம்மை வண்டியாக இருக்கும் என்று நினைத்தாள். கதவு திறந்தது.

அவர்தான். காதோரம் நரைத்திருந்தது. ஜன்னலில் எத்தனை உயரத்தில் தெரிவாரோ அதே உயரத்தில் இருந்தார். இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் போர்வை. போர்வைக்குக் கீழே மிதிபலகையின் மேல் அசையாத இரண்டு பாதங்கள். கைகள் மட்டும் படகு வலிக்கிறவரின் கைகள் மாதிரி வலுவாக இருந்தன. அவருக்குப் பின்னால் வீட்டில் வேறு யாருடைய சத்தமும் இல்லை. ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர் அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்ந்திருந்தன.

பக்கத்து வீட்டில் சுவருக்கு அந்தப் புறம் ஏதோ பாத்திரம் உருண்டு, உடனே யாரோ அதைப் பிடித்து நிறுத்தினார்கள்.

“தண்ணி வருதான்னு பாருங்க” என்றாள் அவள். தினமும் முப்பது வீட்டில் சொல்கிற வார்த்தைதான். குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

அவர் சாய்வுப் பலகையில் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து, முழங்கால் உயரக் குழாயைத் திறந்தார். முதலில் காற்று வந்தது. இருமியது. பிறகு பழுப்பாகக் கொஞ்சம், அப்புறம் தெளிந்த தண்ணீர் அவர் உள்ளங்கையில் விழுந்து வழிந்தது. அவர் அதை மூடவில்லை.

அவள் ஸ்பானரை இறுகப் பிடித்துக்கொண்டாள். “எதுக்கு மனு குடுத்தீங்க?” என்றாள். “ஜன்னல் இந்தப் பக்கம் இருந்திருந்தா நான் பாத்துக்கிட்டாவது இருந்திருப்பேனே?”

“பாத்துக்கிட்டு இருந்ததெல்லாம் போதும்னுதான். அன்னைக்கு நீங்க பாலத்து உச்சி வரைக்கும், பாதி தூரம் வந்தீங்க. மீதி நாப்பத்திரண்டு படியை என்னால ஏறி வர முடியாது. அதான், குழாய் வாய் உங்க பக்கம் வரட்டும்னு தெருவைத் திருப்பிக்கிட்டு வந்தேன்.”