வேன் கூரைக்கு அஷ்டபந்தனம்

உலகத்தில் எது நிலைத்து நின்றாலும் அது பிடிமானத்தால்தான் நிற்கிறது. மலையை மண் பிடித்திருக்கிறது, மண்ணைத் தண்ணீர் பிடித்திருக்கிறது, மனுஷனைத் தெய்வம் பிடித்திருக்கிறது. இந்த உண்மையைச் சபாபதி அருளியபோது ஒரு பழைய வேனுக்குள் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நின்று, கூரையில் அறுத்திருந்த ஓட்டை வழியாகத் தலையை வெளியே நீட்டியிருந்தார். உள்ளே நின்ற மெக்கானிக் லோகேஷுக்குத் தெரிந்தது வேட்டி மட்டும்தான். அவன் வேட்டியைப் பார்த்தே "சரிங்க தலைவரே" என்றான்.

ஓரிக்கை போகிற வழியில் லோகேஷின் பட்டறை. வேன் ஒரு காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது. இப்போது சீட்டுகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு விசிறி, தண்ணீர்த் தொட்டி, சின்ன அடுப்பு எல்லாம் வைத்தாகிவிட்டது. படுத்துக்கொண்டே ஊர் சுற்றுகிற வண்டி. படுத்துக்கொள்ளப் போவது சபாபதியின் மனைவி கலாவதி.

போன ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தவள் அதற்குப் பிறகு உட்காரவில்லை. எட்டு மாசமாக மல்லாந்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் சிறுநீரகமும் கெட்டுப்போனது. அடுத்த பங்குனிக்கு இருப்பாளா என்று கேட்டதற்கு டாக்டர் பேனாவை மூடினார். கலாவதி அதிகம் கேட்கிறவள் இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள்: இந்தப் பங்குனித் தேரில் உச்சியையாவது பார்த்துவிட்டால் போதும் என்று. மல்லாந்து கிடக்கிறவளுக்குத் தேர் தெரிய வேண்டுமென்றால் கூரையில் கண்ணாடி வேண்டும். அந்த யோசனை சபாபதியுடையது. அது நல்ல யோசனை. அதோடு அவர் நின்றிருக்கலாம்.

கண்ணாடியை எதைக் கொண்டு ஒட்டுவது என்பதில்தான் சிக்கல். லோகேஷ் முதல் நாளே ஒரு டியூபை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"வண்டி ஓடும்போது தகடு நெளியும் தலைவரே. கூடவே நெளியறதுதான் நிக்கும். அடியில டேப்பு, மேல இந்த பாலியூரித்தேன். வெயில்ல உருகாது, மழையில ஊறாது."

"எத்தினி வருஷம் தாங்கும்?"

"அஞ்சாறு வருஷம்."

சபாபதி சிரித்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தெருமுனைப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் நடந்தபோது கமிட்டித் தலைவர் அவர்தான். நோட்டீசில் தன் பெயருக்கு முன்னால் 'திருப்பணிச் செம்மல்' என்று அச்சடித்துக்கொண்டார். பட்டம் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நோட்டீசு அடிக்கக் கொடுத்தவரே அவர்தான். அன்று முதல் தெருவில் யார் வீட்டுச் சுவர் விரிசல் விட்டாலும், தண்ணீர்த் தொட்டி கசிந்தாலும், அவர் கருத்துச் சொல்லாமல் மேஸ்திரி கரண்டியை எடுத்ததில்லை.

மூன்று வாரம் ஆராய்ச்சி நடந்தது. தார் வேண்டாம், கறுப்பு. சிலிக்கான் வேண்டாம், அது மீன்தொட்டிக்காரர்கள் சமாச்சாரம். கடைசியில் விடை அவருக்கு விளங்கியது. சாமியைப் பீடத்தோடு ஒட்ட வைக்கிற அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், காவி, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கைச் சேர்த்து இடித்த மருந்து.

"பன்னெண்டு வருஷமா எங்க பிள்ளையார் ஒரு நூல் அசைஞ்சாரா?" என்று லோகேஷைக் கேட்டார்.

"அவரு அறுவது கிலோமீட்டர் வேகத்துல போவலையே தலைவரே."

இதைச் சபாபதி நாத்திகம் என்று எடுத்துக்கொண்டார்.

மருந்து இடிக்கப் பழைய கமிட்டி மறுபடி கூடியது. செயலாளர் பரசுராமன் ஏனாத்தூரிலிருந்து எருமை வெண்ணெய் வாங்கி வந்தார். கொல்லையில் கல்லைப் போட்டு, சம்மட்டியால் ரெண்டு நாள் இடித்தார்கள். இடித்தது சபாபதி. மற்றவர்கள் பதம் சொன்னார்கள். அறுபத்தெட்டு வயசில் அவர் உள்ளங்கை கொப்பளித்தது. அதையும் எல்லோருக்கும் காட்டினார்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் கலாவதி அவரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஏங்க, சாமி நெழல்ல இருக்குது. இது கூரைங்க. வெயில்ல காயுமே. லோகேசு சொன்னதையே வச்சிடலாமில்ல."

"உனக்கு ஒண்ணும் தெரியாது கலா. இது ஆகமம்."

வெயில் ஏறுமுன் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டி முப்பது வருஷம் கஞ்சிப் பசை போட்டவள் அவள். எந்தப் பசை எந்த வெயிலில் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துத் திருப்பிக் கொப்பளத்தைப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள்.

தேர் அன்று காலை ஆறு மணிக்கே மகன் தினேஷ் வண்டியை ராஜ வீதியில் கொண்டுபோய் நிறுத்தினான். இடம் கிடைக்க வேண்டுமே. மருமகள் சங்கீதா மாமியாருக்குத் தலைவாரி, பூ வைத்து, அரக்குப் பட்டுப்புடவையை மேலே போர்த்தியிருந்தாள். கண்ணாடி வழியாக ஒரு துண்டு வானமும் ஒரு மின்கம்பியும் தெரிந்தன. கம்பிமேல் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. கலாவதி அதைப் பார்த்தே சிரித்தாள். எட்டு மாசத்துக்குப் பிறகு ஒரு காக்கா.

எட்டரைக்கு வரும் என்றார்கள். தேர் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தது? பத்தானது. பதினொன்றானது. கூரைத் தகடு தோசைக்கல்லாகக் காய்ந்தது. முதலில் கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது. பிறகு நாலு பக்கமும் வழிந்தது. மருந்து இளகியதும் கண்ணாடி இரண்டு விரற்கடை நழுவி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒரு சொட்டு கலாவதியின் கன்னத்தில் விழுந்தது. சங்கீதா முந்தானையால் துடைத்தாள்.

தூரத்தில் மேளம் கேட்டது.

சபாபதி தோள் துண்டோடு ஏணியில் ஏறிக் கூரைமேல் மண்டியிட்டார். முட்டி சுட்டது. துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். வெண்ணெயும் மெழுகும் காவியும் துடைத்தால் போகிற சரக்கா? துடைக்கத் துடைக்கக் கண்ணாடி முழுக்கப் பரவியது. தேர் மூலை திரும்பிவிட்டது. அவர் நிமிர்ந்தார். துணித் தொம்பைகள் தொங்கி ஆட, மாலைகள் புரள, உச்சிக் குடை அசைய, முழுத் தேரும் அவர் கண்ணுக்கு நேராக வந்தது. வீதியில் அத்தனை உயரத்திலிருந்து தேர் பார்த்தவர் அன்றைக்கு அவர் ஒருவர்தான். கை தானாகக் கூப்பிக்கொண்டது. தேர் நகர்ந்து போன பிறகுதான் கீழே குனிந்து கேட்டார்.

"கலா, தெரிஞ்சுதா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "தெரிஞ்சுதுங்க. கொட ஆடிச்சு."

சபாபதி அழுதுவிட்டார்.

சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள் கலாவதி போய்ச் சேர்ந்தாள். காரியத்தன்று வந்தவர்களிடமெல்லாம் சபாபதி அதையே சொன்னார்: கண்ணாடி கொஞ்சம் நழுவியது உண்மை, ஆனால் மருந்து பிடித்து நிறுத்தியது, அவள் குடை ஆடியது வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் போனாள். பரசுராமன் அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார். துக்க வீட்டில் சால்வை எதற்கு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் அதைக் கழற்றவில்லை.

ஆனியில் முதல் மழைக்கே வேன் ஒழுகி மெத்தை ஊறிவிட்டது. தினேஷ் வண்டியைப் பட்டறையில் விட்டான். மெத்தை உறையை எடுத்துப்போக வந்த சங்கீதாவோடு சபாபதியும் வந்தார். லோகேஷ் வேலை செய்தான். கிண்டலாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். முடித்துவிட்டு இறங்கிப் போனான்.

சபாபதி வேனுக்குள் ஏறி வெறும் கட்டிலில் மல்லாந்து படுத்தார். கண்ணாடி வழியாகப் பட்டறை வாசல் வேப்பங்கிளை துலக்கமாகத் தெரிந்தது, இலை இலையாக. ஒரு மூலையில் மட்டும் பழைய மருந்து கட்டைவிரல் அகலத்துக்கு மிச்சமிருந்தது. அந்த இடத்தில் கிளை இல்லை, சிவப்புதான் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கீதா, உங்க அத்த அன்னிக்கு..."

அவள் உறையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் செவப்பாதான் இருந்துதுன்னாங்க மாமா. அவருகிட்ட சொல்லிடாதம்மா, பாவம், ரெண்டு நாளா கை கொப்பளிக்க இடிச்சாருன்னாங்க."

பழைய மருந்தைச் சுரண்டி, துடைத்து, டேப்பு வைத்து, டியூபைப் பிதுக்கி, கண்ணாடியைப் பொருத்த லோகேஷுக்கு, நடுவில் டீ குடித்ததையும் சேர்த்து, ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.