கைக்கு ஓய்வு

கல்லுக்காரர் மறுபடியும் வலது கட்டைவிரலை ரேகை இயந்திரத்தின் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். மறுபடியும் சிவப்பு விளக்கு எரிந்து, இயந்திரம் கீச்சென்றது. கவுன்டர்காரர் விரலைத் துடைக்கச் சொன்னார். துடைத்தார். ஊதச் சொன்னார். ஊதினார். பிறகு இடது கை, பிறகு ஆள்காட்டி விரல் என்று பத்து விரல்களும் வரிசையாகப் போய்த் தோற்றுத் திரும்பின.

பக்கத்தில் அவள் கோப்புக்கட்டை அணைத்தபடி நின்றிருந்தாள். ஆய்வு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில், வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் அனுமதியைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அனுமதியை நீட்டிக்க வருகிறவரோடு நிறுவனத்தின் ஆள் ஒருவர் பொறுப்பாளராக வந்து தன் விரலையும் வைக்க வேண்டும் என்பது விதி. அவள் வைத்தாள். முழுசாக அழுத்தக்கூட இல்லை, பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

"பாத்தீங்களா, விரல்னா இப்படி விழணும்," என்று கவுன்டர்காரர் அவள் விரலைக் காட்டிக் கல்லுக்காரருக்குப் பாடம் எடுத்தார். "இவருக்கு ரேகையே இல்லையேம்மா. யாருன்னு நான் பதியிறது?"

"எங்க ஆராய்ச்சியாளர் சார். நாலு வருஷமா இங்கதான் இருக்கார்."

"உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மெஷினுக்குத் தெரியணும்ல?"

அனுமதி மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ரேகை விழ வேண்டும். அடுத்த வருடத்துக்கான வேலைக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கல்லுக்காரர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பேருந்தில் திரும்பி வரும்போது அவர் தன் விரல்களை யாரோ இரவல் கொடுத்தவை போல மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். "அக்கா, போன தடவை விழுந்துச்சே," என்றார். அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இங்கே வந்த புதிதில் யாரோ சொல்லிக்கொடுத்தது, உதவி செய்கிற பெண்கள் எல்லாருமே அவருக்கு அக்காதான்.

காரணம் அவளுக்குத் தெரியும். அவருடைய வேலை பாறைகளைப் படிப்பது; நிறுவனத்தில் அவருக்குக் கல்லுக்காரர் என்று பெயர் விழுந்ததே அதனால்தான். பாறையை மெல்லிய துண்டாக அறுத்து, சிறு கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். தேய்க்கிற இயந்திரம் போன வருடமே படுத்துவிட்டது. புதியது வாங்கும் கோப்பு மேசை மேசையாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் தடித்த கண்ணாடிப் பலகையில் சாணைத்தூளும் தண்ணீரும் விட்டு, வெறும் விரலால் அழுத்தித் தேய்த்துவந்தார். கல் தேய்ந்தது. கூடவே அவரும் தேய்ந்திருக்கிறார்.

அவளுடைய நாத்தனார் அழகு நிலையம் வைத்திருப்பவள். கல்லுக்காரரின் கையைப் புரட்டிப் பார்த்து, இதை வைத்துக்கொண்டு திருட்டுத்தொழிலுக்குப் போயிருந்தால் இந்நேரம் வீடு கட்டியிருக்கலாம் என்றாள். பிறகு தீர்ப்பு வந்தது. "தோலுதானே, வளர்ந்துடும். ரெண்டு வாரம் கல்லு பக்கமே போகக் கூடாது. தினம் சாயங்காலம் என் கடைக்கு வரணும்."

ஆனால் இயக்குநரிடம் போனால் அவர் வேறு தீர்ப்பு வைத்திருந்தார். தட்டில் மிச்சமிருக்கும் கற்கள் தேய்ந்து முடிந்தால்தான் வேலைக் கடிதத்தில் கையெழுத்து. தேய்த்தால் ரேகை இல்லை, தேய்க்காவிட்டால் கடிதம் இல்லை. கல்லுக்காரர் யோசித்துவிட்டு, முழங்கையால் தேய்த்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. மறுநாள் சட்டை முழங்கையில் சாணைத்தூளோடு வந்து நின்றார். அன்றே அவள் தேய்ப்பறைச் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாவி வந்ததோடு வேலையும் வந்து சேர்ந்தது. வேறு யார் தேய்ப்பது? அவளும் அறிவியல் படித்தவள்தான். கல்லூரியின் கடைசிச் செய்முறைத் தேர்வில் ஒரு குடுவையை உடைத்துவிட்டு வெளியே வந்தவள், அதற்குப் பிறகு ஆய்வகம் என்ற இடத்துக்குள் வருகைப்பதிவு சரிபார்க்க மட்டுமே நுழைந்திருக்கிறாள். முதல் நாள் கையுறை போட்டுக்கொண்டு தேய்த்தாள். துண்டு விரிசல் விட்டு நொறுங்கியது. கையுறை போட்டால் கல் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது என்றார் கல்லுக்காரர், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அவள் கையுறையைக் கழற்றினாள். எட்டு போடுவதுபோல் வளைத்து வளைத்துத் தேய்க்க வேண்டும். வண்டி ஓட்டும் தேர்வில் மூன்று முறை கால் ஊன்றிய எட்டு, இங்கே கண்ணாடிமேல் சிக்கலில்லாமல் வந்தது.

மதிய இடைவேளையிலும், அலுவலகம் முடிந்தும் தேய்த்தாள். நிறுவனமே கல்லுக்காரரின் கைக்குக் காவல் நின்றது. அவருக்கு யாராவது கதவைத் திறந்துவிட்டார்கள். கேன்டீன்காரர் டீயில் உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தார். சாயங்காலங்களில் அவர் நாத்தனாரின் கடையில், தலையில் நுரையோடு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே, வெதுவெதுப்பான எண்ணெய்க் கிண்ணத்தில் விரல்களை ஊறவிட்டபடி, எரிமலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எரிமலை முடிகிறவரை யாரும் தலை அலச ஒத்துக்கொள்வதில்லை என்று நாத்தனார் குறைப்பட்டுக்கொண்டாள்.

வீட்டில் கணவன், "அப்படியே நம்ம பாத்திரத்தையும் ரெண்டு எட்டு போட்டா என்ன?" என்றான்.

"அதுக்குத்தான் உங்ககிட்ட பத்து ரேகை இருக்கே," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

ஒரு மதியம் முதல் துண்டு முடிந்தது என்று நினைத்து நுண்ணோக்கியில் வைத்தாள். தட்டில் கிடந்தவரை அது வெறும் கறுப்புக் கல். உள்ளே பார்த்தால் மஞ்சளும் ஊதாவும் நீலமும், ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு, கூட்டமாக நின்றன. கண்ணை எடுக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதற்குத்தான் படித்தோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. கல்லுக்காரர் குனிந்து, தானும் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்குக்கா," என்றார். "இன்னும் பாதி தேய்க்கணும்."

தேய்த்தாள். தட்டு காலியானது. இயக்குநர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மாதக் கடைசிக்கு முந்தைய நாள் இரண்டு பேரும் மறுபடியும் அந்தக் கவுன்டர் முன்னால் நின்றார்கள். கல்லுக்காரரின் கையிலிருந்து வந்த ரோஜா வாசனையில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் கட்டைவிரலை மெதுவாக, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார். பச்சை.

கவுன்டர்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அடடா, என்னமா விழுந்திருக்கு," என்றார். கடிதத்தைப் பார்த்தார், தலையாட்டினார். "சரி, பொறுப்பாளர் விரல் ஒண்ணு வெச்சுட்டா முடிஞ்சுது."

அவள் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

சிவப்பு.

துடைத்தாள். ஊதினாள். இடது கையை வைத்தாள். பத்து விரல்களும் போய் வந்தன. பின்னால் நின்ற ஒருவர், "ஏம்மா, ரெண்டு பேருல யாருதான் ஊருக்குப் போறது?" என்று கேட்க, வரிசை சிரித்தது.

"போன தடவை பளிச்சுன்னு விழுந்துதே," என்றார் கவுன்டர்காரர், ஏமாற்றப்பட்டவர்போல. "இப்ப நீங்க யாரும்மா?"

கல்லுக்காரர் கம்பிக்கு நெருக்கமாகக் குனிந்தார்.

"இவங்க எங்க அக்கா சார். நாலு வருஷமா எனக்குத் தெரியும். இவங்களுக்கு நான் பொறுப்பு."

கவுன்டர்காரர் பச்சை விழுந்தவரைப் பார்த்தார், சிவப்பு விழுந்தவளைப் பார்த்தார். அப்படிப் பொறுப்பேற்க விதியில் இடமிருக்கிறதா என்று மேலதிகாரியைக் கேட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அவள் கட்டைவிரலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். வழவழவென்று ஒன்றுமே இல்லை. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் கல்தூள் மினுங்கியது. கல்லுக்காரர் சட்டைப்பையிலிருந்து நாத்தனார் கொடுத்த களிம்பு டப்பாவை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, கவுன்டர் பலகையில் அவள் பக்கமாக நகர்த்தினார்.